டெக்கீலா சுற்றுலாவில் வயலுக்குக் கிடைத்த இருபது நிமிஷம்

தோட்டச் சுற்றுலா பற்றிய பேச்சு நம் கூட்டங்களில் இப்போது அடிக்கடி வருகிறது. நாலு குடிசை போடுவோம், நகரத்து ஜனங்களைக் கூட்டி வருவோம், வயலைக் காட்டுவோம், சாப்பாடு போடுவோம், வருமானம் தானா வரும் என்கிறார்கள். புதிதாக விவசாயத்துக்கு வரும் தம்பி தங்கைகள்தான் இதில் ரொம்ப ஆர்வம். உதாரணம் கேட்டால் பிரான்ஸின் திராட்சைத் தோட்டத்தையும், மெக்சிகோவின் டெக்கீலா ஊரையும் சொல்கிறார்கள். இரண்டாவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது நமக்கு முன்மாதிரி ஆகாது என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இயற்கை விவசாய இதழில் சாராயத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நானும் குடிக்கிறவன் இல்லை. நான் பேச வந்தது பாட்டிலுக்கு முன்னால் இருக்கும் பயிரைப் பற்றி.

மகளும் மருமகனும் கணினி வேலையாக குவாதலஹாராவில் இருக்கிறார்கள். ஹலிஸ்கோ மாநிலத்தின் தலைநகரம் அது. 2024 நவம்பரில் போயிருந்தபோது, மருமகன் எங்களுக்கென்றே ஒரு வண்டியும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்திருந்தார். காலையில் நகரத்துக் கதீட்ரல், அப்புறம் ஒரோஸ்கோவின் பெரிய சுவரோவியங்கள் இருக்கிற ஓஸ்பீசியோ கபான்யாஸ். அந்த ஓவியங்களைப் பார்க்க மட்டுமே இன்னொரு தடவை போகலாம். பிறகு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் டெக்கீலா ஊர். வழியில் அமாத்தித்தான் பக்கம் வந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் நீலம். வானத்தைச் சொல்லவில்லை, வயல் நீலம். பின்னால் எரிமலை. 2006-ல் யுனெஸ்கோ இந்த நிலக்காட்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்த்தால் ஏன் அறிவித்தார்கள் என்று கேட்கத் தோன்றாது.

அந்த நீல அகாவே, நம்மூர் வேலியோரம் நிற்கிற ரயில் கற்றாழைக்குப் பங்காளி. ரயில் கற்றாழையே மெக்சிகோ பக்கமிருந்து இங்கே வந்ததுதான். தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக்கன்றைப் பிரித்து நடுகிறார்கள். அறுவடைக்கு 6 முதல் 8 வருஷம் ஆகும். மடல்களைச் சீவித் தள்ளினால் நடுவில் அன்னாசிப்பழம் போலப் பருத்த தண்டு கிடைக்கும். அதற்குப் பெயரே பின்யா, அதாவது அன்னாசி. ஒன்று 30 கிலோ என்பது சாதாரணம், 70 கிலோவும் உண்டு. சீவுகிறவருக்கு ஹிமதோர் என்று பெயர். நீளக் கம்பின் நுனியில் வட்டத் தகடு வைத்த கோவா என்ற கருவிதான் அவர் ஆயுதம். நம்மாளு பனங்காய் சீவுகிற லாகவத்தை அதில் பார்க்கலாம். சீவிய தண்டை வேகவைத்து, பிழிந்து, நொதிக்க வைத்து, இரண்டு முறை வடித்தால் டெக்கீலா.

எங்கள் நாளில் வயலுக்குக் கிடைத்தது இருபது நிமிஷம். சுற்றுலாவுக்கென்றே நிறுத்தி வைத்த ஒரு ஹிமதோர் ஒரே ஒரு பின்யாவைச் சீவிக் காட்டினார். எல்லோரும் கோவாவைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆலையிலும் ருசி பார்க்கும் கூடத்திலும் மூன்று மணி நேரம். கடைசியில் கடை. வழிகாட்டிப் பையன் நல்லவன், படித்தவன். மரப்பீப்பாயைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். இரண்டு மாதம் பீப்பாயில் கிடந்தால் ரெபோசாதோ, ஒரு வருஷம் தாண்டினால் அன்யேஹோ, மூன்று வருஷம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. ஒரு வருஷம் பீப்பாயில் தூங்கினதுக்கு இவ்வளவு மரியாதை. அதற்கு முன்னால் ஏழு வருஷம் வெயிலில் நின்ற செடிக்கும், அதை நிற்க வைத்தவருக்கும் ஒரு வாக்கியம்கூட இல்லை.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் கடன் கோப்பு பார்த்தவன் நான். அகாவே வயலைப் பார்த்தால் எனக்கு அழகுக்கு முன்னால் கடன் கணக்குதான் தெரியும். ஏழு வருஷம் ஒரு பைசா வரவு இல்லாத பயிர். நடுவில் களை எடுக்க வேண்டும், நோய்க்குப் பார்க்க வேண்டும், திருட்டுக்குக் காவல் வேண்டும். அறுவடை அன்றைக்கு என்ன விலை என்று நடும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் முதல் கேள்வி, "வாங்குகிறவர் யார், விலை எழுதிக் கொடுத்திருக்காரா?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

அங்கே நடந்ததும் அதுதான். 1990-களின் இறுதியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து வயல் வயலாக அகாவேயை அழுகவைத்தன. சரக்குக்குத் தட்டுப்பாடு, விலை பல மடங்கு ஏறியது. எல்லோரும் நட்டார்கள். சில வருஷம் கழித்து எல்லாம் ஒன்றாக முற்றியது, விலை படுத்தது. நட்டவர் வெறுத்து நிறுத்தினார், மறுபடி தட்டுப்பாடு. 2018-க்குப் பிறகு, அமெரிக்காவில் டெக்கீலா மோகம் உச்சத்துக்குப் போனபோது கிலோ 30 பெசோ வரை போனது. காட்டை வெட்டிக்கூட நட்டார்கள். மக்காச்சோளம் போட்டவரும் மாறினார். 2024-ல் நான் போனபோது கிலோ 5 பெசோவுக்கும் கீழே. அப்போது ஒரு பெசோ நம் பணத்தில் நாலு ரூபாய் சொச்சம். இங்கே வெனிலாவைப் பார்த்தவர்கள், ஈமு கோழியைப் பார்த்தவர்கள் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நூறு சதவீத அகாவே டெக்கீலா ஒரு லிட்டருக்குச் சுமார் ஏழு கிலோ பின்யா வேண்டும். கிலோ 30 பெசோவில் அந்த லிட்டருக்குள் உழவரின் சரக்கு 210 பெசோவுக்கு இருந்தது. கிலோ 5 ஆனபோது 35 பெசோ. ருசி பார்க்கும் கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் பாட்டில் விலை ஆறில் ஒரு பங்காக இறங்கியிருந்ததா? இல்லை. அந்த வித்தியாசம் எங்கே போனது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஐயா, இதுவரை இதை யாரும் கேட்டதில்லை" என்றான்.

இதில் புவிசார் குறியீட்டை நம்பி இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. டெக்கீலா என்ற பெயருக்கு 1974-லேயே அந்த நாட்டில் பாதுகாப்பு வந்துவிட்டது. ஹலிஸ்கோ முழுவதும், இன்னும் நாலு மாநிலங்களின் சில பகுதிகளும் மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். பெயருக்குச் சொந்தக்காரர் மெக்சிகோ அரசு. கண்காணிக்க 1994 முதல் ஒரு ஒழுங்குமுறைக் குழு இருக்கிறது. அகாவே உழவர்களுக்கும் அதில் இடம் உண்டு. இவ்வளவும் இருந்தும் விலை 30-லிருந்து 5-க்கு விழுந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. குறியீடு காப்பது பெயரைத்தான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் குறியீடு வந்தபோது நம்மவர்கள் இனிப்பு கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் குறியீடு வந்தால் விலை வந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் டெக்கீலா பக்கம் ஒருமுறை போய்வரச் சொல்வேன்.

அந்தப் பெயருக்குள்ளேயும் ஓட்டை இருக்கிறது. சட்டப்படி 51 சதவீதச் சர்க்கரை அகாவேயிலிருந்து வந்தால் போதும், மிச்சம் கரும்போ சோளப்பாகோ இருக்கலாம். பாட்டிலில் ‘நூறு சதவீத அகாவே’ என்று எழுதியிருந்தால்தான் முழுசும் அகாவே. நிறத்துக்கும் மணத்துக்கும் கொஞ்சம் சேர்மானம் போட்டால், ஒரு அளவுக்குள் இருந்தால் அதைப் பாட்டிலில் சொல்ல வேண்டியதும் இல்லை. நாட்டுச் சர்க்கரை என்று அஸ்கா கலந்து விற்கிறவர்களைப் பார்த்துச் சலித்த நமக்கு இது புதுசா என்ன?

மண் சமாச்சாரத்துக்கு வருகிறேன். செடி பூத்தால் சர்க்கரையெல்லாம் பூந்தண்டுக்குப் போய்விடும். அதனால் பூந்தண்டு கிளம்பியதுமே வெட்டிவிடுகிறார்கள். பூ இல்லை, விதை இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பக்கக்கன்றுதான். கண்ணுக்கு எட்டின தூரம்வரை கிட்டத்தட்ட ஒரே செடியின் நகல். 1990-களின் நோய் அவ்வளவு வேகமாகப் பரவ இதுவும் ஒரு காரணம். ஒரே ரகத்தை ஊர் முழுக்க நட்டால் என்ன ஆகும் என்று நாம் கத்திக்கொண்டிருப்பதற்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது. அகாவே பூவில் தேன் குடிக்கும் ஒரு வௌவால் இனம் அங்கே உண்டு, அகாவேக்கு மகரந்தம் சேர்ப்பது அதுதான். வயலில் பூ இல்லையென்றால் அதற்கும் பட்டினி. மெக்சிகோவின் வௌவால் ஆய்வாளர் ரொத்ரீகோ மெதெயின் இதற்காகவே ஒரு திட்டம் கொண்டுவந்தார். வயலில் 5 சதவீதச் செடிகளைப் பூக்க விட வேண்டும். அப்படி விடுகிறவர்களின் பாட்டிலில் வௌவால் நேசன் என்ற முத்திரை இருக்கும். 2016-லேயே இந்த முத்திரையுடன் சரக்கு வந்துவிட்டது. வழிகாட்டியின் பேச்சில் இது வரவே இல்லை. எனக்கு அந்த நாள் முழுக்க மனசுக்குப் பிடித்த விஷயம் இதுதான், அதையும் நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முன்பெல்லாம் அகாவே சிறுசாக இருக்கும் முதல் சில வருஷம் வரிசைக்கு நடுவில் மக்காச்சோளமும் அவரையும் போடுவார்கள். சாப்பாடும் ஆச்சு, மண்ணுக்கு மூடாக்கும் ஆச்சு. நாங்கள் போன வழியில் பல இடங்களில் வரிசைக்கு நடுவே மண் மொட்டையாகக் கிடந்தது. களைக்கொல்லி அடித்த மொட்டை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? கிளைபோசேட்டைப் படிப்படியாக நிறுத்த மெக்சிகோ அரசு 2020 கடைசியில் ஆணை போட்டது. 2024-ல் அதைத் தள்ளி வைத்துவிட்டது. ஆலைக்கழிவு இன்னொரு தலைவலி. ஒரு லிட்டர் டெக்கீலாவுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு அமிலக் கழிவுநீர் வருகிறது. ஆலையின் செப்புக் கொதிகலனைக் காட்டியவர்கள் கழிவு போகும் வாய்க்காலைக் காட்டவில்லை.

சுற்றுலா இல்லாவிட்டால் அந்த ஊர் என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. விடுதி, உணவகம், வண்டி, வழிகாட்டி என்று எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. இளைஞர்கள் அமெரிக்க எல்லைக்கு ஓடாமல் உள்ளூரில் இருக்க அதுவும் ஒரு காரணம். நான் சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வயலைப் பார்க்க உலகம் காசு கொடுக்கிறதோ, அந்த வயலுக்கு அந்தக் காசில் பங்கு இல்லை. என் சண்டை அதோடுதான். பெரிய ஆலைகள் சில, உழவரின் நிலத்தையே குத்தகைக்கு எடுத்துத் தாங்களே நட்டுக்கொள்கின்றன. அங்கே உழவர் தன் நிலத்திலேயே வேடிக்கை பார்க்கிறவர்.

ஆக, தோட்டச் சுற்றுலா தொடங்க நினைக்கிறவர்களிடம் என் வேண்டுகோள். வருகிறவரிடம் வாங்கும் கட்டணத்தை வயல், சமையல், தங்கல் என்று மூன்றாகப் பிரித்து எழுதிப் பலகையில் போடுங்கள். பக்கத்து வயலைக் காட்டினால் பக்கத்து வயல்காரருக்கும் அன்றைக்கே கொடுங்கள். விளைச்சல் கெட்ட வருஷமும் கூட்டி வந்து காட்டுங்கள். பூச்சி தின்ற கத்திரிக்காயையும் காட்டுங்கள். வயல் நேரம் இருபது நிமிஷம், விற்பனை நேரம் மூன்று மணி என்று ஆகிவிட்டால் நம்மதும் கடைதான்.

அந்தப் பக்கம் போகிற வாய்ப்பு உங்களில் யாருக்காவது வந்தால், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடு இப்போ எத்தனையோ இருக்கே, கூட்டத்தோடு போகாமல் தனி வண்டியே எடுங்கள். செலவு கூடத்தான். ஆனால் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவார்கள். வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ஆலை ஒன்று போதும், அகாவே விற்கும் ஒரு சிறு விவசாயியின் வயல் வேண்டும், அவரோடு பேச மொழிபெயர்க்க வேண்டும், அவர் நேரத்துக்கு நாங்கள் தனியாகப் பணம் தருவோம். வாங்குவதாக இருந்தால் பாட்டிலின் பின்பக்கம் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள், எந்த ஆலையில் வடித்தது என்று அது சொல்லும். பத்து விதப் பெயருக்குப் பின்னால் ஒரே எண் இருப்பதும் உண்டு. வயலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஹிமதோர்கள் வெயில் ஏறும் முன் வேலையைத் தொடங்குகிறவர்கள். மத்தியானத்துக்கு மேல் போனால் படம் எடுக்க நிறுத்தி வைத்த ஆள் மட்டும்தான் இருப்பார்.