பூட்டன் பெயர் எங்கே?

வெள்ளை அதிகாரியின் வாரிசு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தேடினால், பூட்டனின் பதவி, பணிக்காலம், ஓய்வூதியம் வரை ஆவணம் கிடைக்கும். மதராஸ் சாப்பர்ஸ் படையில் பதுங்குகுழி வெட்டிய பறையர் சிப்பாயின் கொள்ளுப்பேத்தி தேடினால்?

முதல் உலகப் போரில் மெசொப்பொத்தேமியாவில் மாண்டவர்களுக்கான பாஸ்ரா நினைவுச்சின்னத்தில், வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை. இந்தப் பாகுபாட்டுக்காகப் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்!

ஆளெடுக்கையில் சாதி கேட்டவனுக்கு, செத்தபின் பெயர் எழுதக் கை வரவில்லை. இங்குள்ள ஆதிக்கச் சாதியோ நமக்கு வரலாறே இல்லை என்கிறது.

தோழர்களே, வீட்டில் பழைய போர்ப் பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் இருக்கும். அங்கிருந்து தேடுங்கள். ஆண்ட பரம்பரைப் பெருமை பேச அல்ல. வெள்ளையனுக்கு நன்றி சொல்லவும் அல்ல. மறைக்கப்பட்ட பெயர்களை நாமே எழுதி வைக்க!