முதுசமாக வந்த கடன்

காலையிற் பத்திரிகையை விரித்ததும் நான் முதற்பக்கத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே பிரதேசச் செய்திகள் அச்சாகும் பக்கத்தின் மூலையில், நான்கு வரிகளில் அடங்கும் ஒரு செய்தியையே என் கண் தேடும். அனுமதிப்பத்திரமின்றி மணல் ஏற்றிய உழவு இயந்திரம் கைப்பற்றப்பட்டது, சாரதி கைது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழ்வோர்க்கு இஃது ஒரு புதினமன்று. நான் தேடுவது சாரதியின் வயதை. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்துமூன்று. இவன் எந்த ஆண்டில் நம் வகுப்பில் இருந்திருப்பான் என்று மனம் கணக்கிடும்.

ஒருநாள் அக்கணக்குச் சரியாக வந்தது. செய்தியிற் பெயர் இல்லை, ஊர் இருந்தது. அன்று மாலை பையனின் தாய் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "ஐயா, பிணைக்கு ஓராள் குறையுது" என்றார். பிணை நின்றேன். அவனை நான் நன்கறிவேன். புணரியலை அவனைப்போல் விரைவில் விளங்கிக்கொண்ட மாணவர் என்னிடம் அதிகம் பேர் இலர். நில அளவையாளனாக வேண்டும் என்பது அவன் விருப்பம். தந்தையின் உழவு இயந்திரத்தில் ஏறுவதையே வெறுத்தவன். அதன் சத்தம் இரவிற் கேட்டாற் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன் என்று ஒருமுறை சொன்னான். அவனே இரவில் அதை ஓட்டிப் பிடிபட்டான். இது நிகழ்ந்தது எங்ஙனம்?

குற்றத்தொழில் செய்யும் குடும்பத்தில் மகன் தொழிலை ஏற்பது பேராசையால் என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். தீய கூட்டு, கைப்பேசி, சினிமா எனக் காரணங்களை அடுக்குகிறோம். என் மாணவன்பால் இவற்றுள் ஒன்றையும் நான் கண்டிலேன். அவனை இழுத்தது ஒரு நற்குணம். பெற்றாருக்குத் தான் பட்ட கடனைத் தீர்க்கவேண்டும் என்னும் எண்ணமே அது.

கடன் என்னும் சொல்லைச் சற்று நோக்குக. தமிழில் அதற்கு இருபொருள் உண்டு. ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன்; ஒருவனிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டிற் தொகுக்கப்பட்ட தேசவழமை இவ்விரண்டையும் ஒன்றாகவே கண்டது. தந்தைவழி வரும் சொத்தை முதுசம் என்று பெயரிட்டு வகுத்த அந்நூல், பெற்றோர் விட்டுச்சென்ற பொருள் போதாதாயினும் அவர்தம் கடனைப் புதல்வர் இறுத்தல் வேண்டும் எனவும் விதித்தது. இன்று நீதிமன்றத்தில் அவ்விதி நில்லாது. ஊரார் நெஞ்சில் அது நின்றுகொண்டேயிருக்கின்றது.

இனி அக்கடன் வந்த வழியைச் சொல்வேன். 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. முகாம்களிலிருந்து மக்கள் மீண்டபோது வீடில்லை, மாடில்லை, கலப்பையில்லை. கையில் முதலில்லாதவர்க்குக் குத்தகைக் கடன் கொடுக்கும் கம்பனிகள் தேடிவந்தன. லீசிங் என்னும் சொல் வன்னியிற் குழந்தைகளுக்கும் தெரிந்த சொல்லாயிற்று. என் மாணவனின் தந்தை அவ்வாறு ஓர் உழவு இயந்திரம் எடுத்தார். உழைப்பாளி. ஆயின் உழவு காலபோகத்தில் உண்டு. நீர் இருந்தாற் சிறுபோகத்திலும் உண்டு. எஞ்சிய மாதங்களில் இல்லை. கடன் தவணையோ மாதந்தோறும் வரும். உழவின் காலக்கணக்கும் கடனின் காலக்கணக்கும் ஒத்துவராத அந்த இடைவெளியிலேதான் களவு நுழைந்தது.

மணலுக்கு விலை இருந்தது. அழிந்த ஊர்கள் மீண்டும் எழுந்த காலம் அது. இந்திய அரசின் உதவியோடு வடகிழக்கிலும் மலையகத்திலும் ஐம்பதினாயிரம் வீடுகள் கட்டும் திட்டம் வகுக்கப்பட்டது. வேறு திட்டங்களும் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் மணல் வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைப் பெறும் வல்லமை பணமுடையோர்க்கு உண்டு; ஓர் இயந்திரம் உடையவனுக்கு இரவு மட்டுமே உண்டு. இரவுக்கு ஒரு தரகர் வந்தார். தரகருக்கு மேல் ஒருவர். அவருக்கு மேல் யார் என்பது ஓட்டுபவனுக்குத் தெரியாது.

பின்னர் நடந்தது ஊரறிந்த கதை. தந்தை பிடிபட்டார். இயந்திரம் சான்றுப்பொருளாக வெயிலிலும் மழையிலும் நின்றது. தண்டம் கட்டவேண்டும், சட்டத்தரணிக்குக் கொடுக்கவேண்டும், அசையாது நிற்கும் இயந்திரத்துக்கும் தவணை செலுத்தவேண்டும். தரகர் பணம் கொடுத்து உதவினார். அவ்வுதவியே விலங்காயிற்று. தந்தை பாரிசவாதத்தில் வீழ்ந்தபோது தரகர் வந்து திண்ணையில் அமர்ந்து, "தம்பி, கொப்பர் என்னட்டை வாங்கினது ஒருபக்கம் கிடக்கட்டும், நீ வீட்டைப் பார்க்கவேணுமல்லோ" என்றாராம். மிரட்டவில்லை, கடமையை நினைவூட்டினார். பையன் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையிற் பள்ளியை விட்டான்.

அந்த மூன்று மாதத்துக்கு முன் நடந்த ஒன்றை நான் மறைத்தலாகாது. வினைத்தூய்மை அதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஈன்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்பது வள்ளுவர் கருத்து. உருக்கமாக விளக்கினேன் என்றே நினைத்தேன். அவன் எழுந்தான். "ஐயா, செய்யாமல் விட்டால் அம்மாவின்ரை பசிக்கு ஆர் பொறுப்பு?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அடக்கமாக இரு என்றேன். மணியும் அடித்தது.

அக்கேள்விக்கு விடையை நம் காப்பியமொன்றிற் பின்னர் கண்டேன். குடும்பத் தொழிலை ஏற்க மறுத்த வாரிசு என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருபவள் மணிமேகலை. கணிகையர் மரபு தொடரவேண்டும் என்று பாட்டி சித்திராபதி வற்புறுத்துகிறாள். அரசகுமாரனையே துணைக்கு அழைக்கிறாள். மணிமேகலை மறுத்து நிற்கிறாள். அவள் மனவுறுதியைப் புகழ்ந்து நாம் நின்றுவிடுகிறோம். அவளுக்குத் துணைநின்றவற்றை எண்ணுவதில்லை. தாய் மாதவி அத்தொழிலைத் தானே துறந்து மகளின் பக்கம் நின்றாள். அறவண அடிகள் இருந்தார். ஒதுங்குதற்கு மணிபல்லவம் கிடைத்தது. அதனை நம் நயினாதீவு என்பாரும் உளர். யாவற்றுக்கும் மேலாக அமுதசுரபி கிடைத்தது. பசிக்கு விடை கிடைத்த பின்னரே அவள் துறவு ஊருக்குப் பயன்பட்டது. தாயும் ஆசானும் ஒதுங்க இடமும் உணவும் இல்லாத ஒருத்தியிடம் சித்திராபதி தோற்றிருப்பாளோ என்பது ஐயமே.

அயல்நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. கொலம்பியாவின் போதைப்பொருள் அதிபன் பாப்லோ எஸ்கோபார் 1993 டிசம்பர் 2 ஆம் நாள் மெடலின் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டான். மகனுக்கு அப்போது பதினாறு வயது. செய்தி கேட்டதும் வானொலியிற் பழிவாங்குவேன் என்று முழங்கினான். சில நிமிடங்களிலேயே அச்சொல்லைத் திரும்பப் பெற்றான். தந்தையின் பகைவர் குடும்பத்தை உயிரோடு விடுதற்கு விலையாகச் சொத்தைக் கேட்டனர், சொத்துப் போயிற்று. பெயரை மாற்றி, மொசாம்பிக் வழியாக ஆர்சென்தீனா சென்று, கட்டடக்கலை பயின்றான். தந்தையாற் கொல்லப்பட்ட தலைவர்களின் புதல்வரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டதை 2009 இல் வெளியான ஆவணப்படம் காட்டிற்று. எனினும் 1999 இல் அவனும் தாயும் பணமோசடி ஐயத்திற் சிறைப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டனர். வழக்குகளும் ஐயங்களும் பின்னரும் தொடர்ந்தன. முதுசத்தை உதறியவனையும் பெயர் விடவில்லை.

பெயரால் மனிதனைக் கட்டுவதில் அரசுகளும் பின்னிற்பதில்லை. 1871 இல் ஆங்கிலேயர் இந்தியாவிற் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினர். பிறந்த குழந்தையும் அச்சட்டத்தின் கண்ணிற் களவுக்கு வாரிசு. விரற்பதிவை மறுத்தமைக்காக 1920 ஏப்பிரல் 3 ஆம் நாள் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரிற் பதினைந்துக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்தியா முழுவதிலும் அச்சட்டம் நீங்கியது 1952 இல். இன்று நம் ஊரில் அச்சட்டம் இல்லை. ஆயினும் 'மணற்காரன்ரை பெடியன்' என்று கடையடியிற் சொல்லும்போது, சட்டமில்லாமலே நாம் அதைச் செய்துவிடுகிறோம்.

இவ்வாறு கூறுவதால் மணற்களவை நான் நியாயப்படுத்துவதாக எவரும் எண்ணற்க. கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு நீர் கொணர்வது. இரணைமடு கிளிநொச்சி வயல்களுக்கு நீர் தருவது. ஆற்றுப் படுக்கை தாழ்ந்தாற் கிணறு வற்றும், கரை இடியும். உழவு இயந்திரம் உடையவன் ஆற்றைத் தோண்டுவது தான் உழவேண்டிய வயலின் நீரைத் தோண்டுவதே. காட்டு மரம் தறிப்போர் கதையும் இவ்வாறே. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவில் மரக்கடத்தலைப் படமெடுக்கச் சென்ற ஊடகவியலாளர் இருவர் தாக்கப்பட்டனர். இத்தொழில்கள் அடக்கப்படவேண்டியவை. அடக்கும் வழி யாது என்பதே கேள்வி.

குற்றத்தால் ஈட்டிய சொத்தைப் பறிமுதல் செய்தற்கு 2025 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இப்போது வந்துள்ளது. நன்று. அது இருபது வயதுச் சாரதியோடு நின்றுவிடாமல் தரகரையும் அவருக்கு மேலுள்ளவரையும் தேடிச்செல்லுமாயின் அதன் பயன் பெரிது. சாரதியை மட்டும் பிடிக்கும் சட்டம் ஒவ்வொரு வழக்கிலும் ஒரு புதிய கடனை உண்டாக்குகின்றது. அக்கடன் அடுத்த சாரதியை உண்டாக்குகின்றது. கடன் கொடுப்போருக்கும் ஒன்று சொல்வேன். நெல் விளையும் மாதம் எதுவென்று அவர்களுக்குத் தெரியும். அறுவடைக்குப் பின் செலுத்தத்தக்க தவணையை வகுத்தல் இயலாத காரியமன்று. 2018 இல் வறட்சி மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. தள்ளுபடி ஒருமுறை வரும். விளைச்சலோடு ஒத்த தவணை ஆண்டுதோறும் காக்கும்.

இவை பிறர் செய்யவேண்டியவை. எனக்குரியதை இறுதியிற் சொல்கிறேன். நானும் முகாமிலிருந்து மீண்டு வீடு கட்டியவன். முன்விறாந்தைக்கு மணல் குறைந்தது. சொல்லிவிட்டேன், விடியுமுன் இறங்கியிருந்தது. விலையைக் கேட்டேன், எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அதை இறக்கியவர் அப்பையனின் தந்தை. அந்த விறாந்தையில் அமர்ந்தே நான் வினைத்தூய்மைக்குக் குறிப்பெழுதினேன்.

வழக்கு முடிந்தபின் பையன் ஒருநாள் வந்தான். தண்டத்தைக் கட்டியாயிற்று, தரகரின் கணக்கு எஞ்சியிருக்கிறது என்றான். "ஐயா, அண்டைக்குக் கேட்டதுக்கு இன்னும் மறுமொழி சொல்லேல்லை" என்று சிரித்தான். அவன் நின்றது அந்த விறாந்தையில். நான் சொன்னேன்: "தம்பி, வள்ளுவர் உன்னை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. உன் தாயின் பசியை நீ ஒருவன் மட்டும் காணும்படி விட்ட ஊரையும் பார்த்துத்தான் சொன்னார்."

உரையாசிரியர் எவரும் இவ்வாறு பொருள் கொண்டாரல்லர். பரிமேலழகர் என்னை மன்னிப்பாராக. தரகரின் கணக்கைப் பழைய மாணவர் சிலரோடு சேர்ந்து பகிர்ந்துகொள்ள முயன்று வருகிறோம். சென்ற மாதம் அவன் தன் பழைய கணிதக் கொப்பிகளைத் திரும்ப எடுத்திருக்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க மணிமேகலை சோழ மன்னனிடம் வேண்டினாள். நமக்கு மன்னன் இல்லை. ஒரு பையனின் கடனைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ள மன்னன் தேவையுமில்லை.