சூடு என்று சொல்லி இருந்துவிடாதீர்கள்

சிறுநீரகக் கல்லை முதுகு வழியாகத் துளையிட்டு எடுத்தபின் சில நாள் சிறுநீர் லேசாகச் சிவந்து வரும். அது வழக்கம்தான். ஆனால் நன்றாகத் தெளிந்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் வந்தால் அது வேறு விஷயம். நம் வீடுகளில் 'உடம்புச் சூடு' என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுத்துக் காத்திருப்பார்கள். காத்திருக்கக் கூடாது.

அறுவையின்போது சிறு தமனி ஒன்றின் சுவர் சேதமாகியிருந்தால், கசியும் ரத்தம் பக்கத்திலேயே பைபோலத் தேங்கும். 'சூடோ அனியூரிசம்' என்பார்கள் டாக்டர்கள். அந்தப் பைக்கு உறுதியான சுவர் கிடையாது, திடீரென்று உடையலாம். இப்படிக் கல் எடுத்தவர்களில் சுமார் 100-க்கு ஒருவருக்குத்தான் இது வரும். வந்தால் உயிருக்கே ஆபத்து.

முன்பெல்லாம் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். சிறுநீரகமே போனாலும் போகும். இப்போது சி.டி. ஆஞ்சியோவில் இடத்தைக் கண்டுபிடித்து, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் சிறு கம்பிச்சுருளால் அடைக்கிறார்கள். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும். அந்தக் கிளையை நம்பிய சிறு பகுதி போகும், சிறுநீரகம் தப்பும்.

இவ்வளவு நல்ல வைத்தியம் இருந்தும், நோயாளி நேரத்துக்குப் போனால்தானே பயன்? டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த எச்சரிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து. நாமும் அறுவைக்கு முன்பே கேட்டு வைக்கலாம்: "ராத்திரியில் ரத்தம் வந்தால் இங்கேயே அடைப்பீர்களா, வேறு எங்கே போக வேண்டும்?" ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.