ஹொட் ஸ்பிரிங்ஸும் எங்கள் கன்னியாவும்

நீண்ட வார விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று யோசிக்கும் ரிச்சர்ட்சன் குடும்பங்களுக்கு இம்முறை ஓர் ஊரைச் சொல்லலாம். ஆர்கன்சோ மாநிலத்தின் ஹொட் ஸ்பிரிங்ஸ். 30ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ரெக்சார்க்கானாவைத் தாண்டிப் போனால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். விடிய வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்கலாம்.

மலைச்சாரலில் 47 வெந்நீரூற்றுகள். நீரின் வெப்பம் ஏறத்தாழ 62 பாகை செல்சியஸ். எரிமலை ஏதும் அங்கில்லை. சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை நிலத்தில் ஆழமாக இறங்கி, பாறைச் சூட்டில் காய்ந்து, வெடிப்புகளூடாக விரைந்து மேலே வருகிறது. குவாபோ பழங்குடியினர் 1818இல் ஒப்பந்தம் மூலம் கைவிட்ட நிலம் இது. 1832இல் அமெரிக்க அரசு ஊற்றுகளைத் தன் பாதுகாப்பில் எடுத்தது. 1921இல் தேசியப் பூங்காவானது.

முதலில் பார்க்க வேண்டியது ஃபோர்டைஸ் குளிப்பகம். 1915இல் திறந்து 1962இல் மூடப்பட்ட இந்த மாளிகை 1989 முதல் நூதனசாலையாக இருக்கிறது. அனுமதி இலவசம். வர்ணக் கண்ணாடிக் கூரை, தொட்டிகள், பழைய சிகிச்சைக் கருவிகள் எல்லாம் அப்படியே உள்ளன. ஆண்களின் பகுதி பெரிது, பெண்களுடையது சிறிது. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

இன்னொன்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த வரிசை மாளிகைகளில் தொட்டியை நிரப்பி, முதுகு தேய்த்துவிட்டவர்களிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஆனால் 1960களின் நடுப்பகுதிவரை அவர்கள் அங்கே குளிக்க முடியாது. தங்களுக்கென்று 1914இல் பித்தியன் குளிப்பகத்தை வேறு தெருவில் கட்டிக்கொண்டார்கள். 1974இல் அது மூடப்பட்டது. பூங்காச் சேவை இன்று இந்தக் கதையை மறைக்காமல் சொல்கிறது.

வெந்நீரூற்று என்றதும் எங்களுக்கு நினைவு வருவது திருகோணமலைக் கன்னியா. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய உண்டானவை என்பது ஐதீகம். அந்தியேட்டிக்கு எம்மவர் காலங்காலமாகப் போய்வந்த இடம். அங்கே பிள்ளையார் கோயில் இருந்த நிலத்தில் விகாரை கட்டும் முயற்சியை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். 2019 ஜூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றம் அந்த வேலைக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஓர் ஊற்றின் வரலாற்றை யார் எழுதுகிறார்கள், யாரை விட்டுவிட்டு எழுதுகிறார்கள் என்பது சின்ன விடயமல்ல. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கன்னியாவைச் சொல்லிக்கொடுக்க ஹொட் ஸ்பிரிங்ஸ் நல்ல பள்ளிக்கூடம்.

சில குறிப்புகள்: திறந்த ஊற்றுகளில் இறங்கிக் குளிக்க முடியாது. குளிக்க விரும்பினால் 1912 முதல் இயங்கும் பக்ஸ்ராஃப் குளிப்பகமோ குவாபோ குளிப்பகமோ உண்டு, கட்டணம் கட்ட வேண்டும். தெருவோரக் குழாய்களில் ஊற்று நீரை இலவசமாகப் பிடிக்கலாம், வெறும் கான்களைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கு மிட் அமெரிக்கா விஞ்ஞான நூதனசாலையும் இருக்கிறது. அம்மம்மா, அப்பப்பாவையும் கூட்டிப் போங்கள். கன்னியாவில் குளித்த கதை அவர்களிடந்தான் இருக்கிறது.