சாதனை என்பது யாது?

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் ஆண்டு)

ஆண்டுதோறும் நம் கல்லூரி மலர் கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் முதலிற் புரட்டுவது 'சாதனைகள்' என்னும் பகுதியையே யாகும். தம் பெயர் உளதா என்று பார்ப்பார் சிலர். தம்மொடு போட்டியிட்டார் பெயர் உளதா என்று பார்ப்பார் சிலர். பேராசிரியர் இன்னார் இன்ன மாநாட்டிற் கட்டுரை படித்தார்; இன்னார் முனைவர் பட்டம் பெற்றார்; மாணவர் இன்னார் பேச்சுப் போட்டியிற் சுழற்கோப்பை வென்றார்; இன்னார் பல்கலைக்கழகத் தேர்வில் இத்தனையாம் இடம் பெற்றார் என்று அப்பட்டியல் பல பக்கங்களுக்கு நீண்டு செல்லும். அலுவலகத்தாரும் ஆய்வுக்கூடப் பணியாளரும் அதன்கண் தோன்றுவது வாழ்நாளில் ஒரே முறை. அதுவும் ஓய்வு பெறும் ஆண்டில், 'நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்றார்' என்னும் ஒற்றை வரியில்.

இப்பட்டியலை யான் வெறுப்பவனல்லேன். படித்தவர் ஒருவரும் இல்லாத வீட்டிலிருந்து வந்த ஒரு மாணவிக்குத் தன் பெயரை அச்சிற் காண்பது எத்துணை இன்பம் என்பதை விருதுநகரத்தார்க்கும் சாத்தூரார்க்கும் சிவகாசியார்க்கும் யாரும் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. ஆயினும், சாதனையை அளக்கும் கோல் எது என்னும் வினா எழாமல் இல்லை. நடுவண் அரசினர் 2016-ஆம் ஆண்டு முதல் உயர்கல்வி நிலையங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டு வருகின்றனர். அவ்வரிசையிற் கட்டுரைகளின் தொகையும் ஒரு கணக்காதலின், எங்கும் கட்டுரைகள் பெருகிவிட்டன. எண்ணுதற்கு எளியவை எண்ணப்படுகின்றன. எண்ணப்படுவனவே செய்யவும் படுகின்றன. இப்போக்குக்கு நம் மலரும் துணைபோதல் வேண்டுமா என்பதே என் கேள்வி.

வேறு வகையான சாதனைகள் நெடுந்தொலைவில் இல்லை. நம்மூரிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவிலேயே உள்ளன. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் வேதியியல் பயிற்றிய பேராசிரியர் இரா. வாசுதேவன் அவர்களை எடுத்துக்கொள்வோம். தெருவில் எறியப்படும் பிளாஸ்டிக் பைகளைச் சிறு துண்டுகளாக்கி, சாலைக்கென நன்கு சூடேற்றிய சல்லிக் கற்களின்மேல் தூவினால், அஃது உருகி ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய தோல்போலப் படிகின்றது. பின்னர்த் தார் ஊற்றிக் கலந்தால் கல்லும் தாரும் இறுகப் பற்றுகின்றன. மழைநீர் எளிதிற் புகாமையாற் குழி விழுவதும் குறைகின்றது. தாரும் ஓரளவு மிச்சமாகின்றது. இம்முறைக்கு 2006-இற் காப்புரிமை கிடைத்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தாம் கண்ட முறையை விற்றுப் பொருளீட்டாமல் நாட்டுக்கே அவர் அளித்துவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. இதில் யான் பெரிதும் வியப்பது விருதையன்று. ஒரு வேதியியற் பேராசிரியர், தம் ஆய்வுக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே கிடந்த குப்பையைத் தம் பாடத்தின் பகுதியாகக் கண்டார், அப்பார்வையே வியப்பிற்குரியது. அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை என்று சாலையிற் செல்லும் வண்டிக்காரர் எவரும் வினவுவதில்லை.

இனி நம் தமிழ்த்துறைக்கு அணித்தான ஒருவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தோன்றிய பழைய மிஷன் கல்லூரி. அங்குத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர் சாலமன் பாப்பையா அவர்கள். அவருக்கு 2021-இற் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பட்டிமன்றம் என்னும் பழம்பெயரை ஊர்த்திடலுக்கும் பின்னர்த் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்று, பள்ளியை மிதியாத பாட்டியரும் அமர்ந்து கேட்குமாறு செய்தவர் அவர். பட்டிமன்றத்தில் நகைச்சுவை மிகுந்து பொருள் மெலிகின்றது என்று குறை கூறும் புலவர் உளர். அக்குறை முழுதும் பொய்யன்று. பண்டிகை நாள்தோறும் தொலைக்காட்சியில் ஒலிக்கும் சில தலைப்புகளைக் கேட்டால் எமக்கே நாணம் உண்டாகின்றது. எனினும் புறநானூற்றுக்கும் அகநானூற்றுக்கும் உரை எழுதிய ஒருவர், அவ்வுரையைப் படிக்க மாட்டாதாரையும் தம் அவையினராக மதித்துப் பேசினாரே, அஃது எளிய செயலன்று.

மூன்றாமவர் பேராசிரியர் அல்லர், நூலகர். பேராசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே நின்று பெயரின்றி உழைக்கும் பணியாளர் கூட்டத்தைச் சேர்ந்தவர். திருவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கல்லூரியில் முப்பதாண்டுகட்கு மேல் நூலகராயிருந்த பாலம் கலியாணசுந்தரம் அவர்கள் தம் ஊதியத்தை ஏழைச் சிறுவர்க்கென ஈந்துவிட்டு, தம் வயிற்றுக்குப் பிற வேலைகள் செய்து வாழ்ந்தவர். 1962-இற் சீனப் போர் மூண்டபோது, மாணவராயிருந்த அவர் தம் கழுத்திலிருந்த பொற்சங்கிலியைக் கழற்றி, அந்நாளைய முதலமைச்சரும் நம் விருதுநகரின் மைந்தருமாகிய காமராசரிடம் அளித்தார் என்பர். 2023-இல் அவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் பணியாற்றிய நாளில், மாதந்தோறும் ஊதியம் வாங்கி முழுதும் கொடுத்துவிட்ட இந்நூலகரின் பெயரை எந்தச் சாதனைத் தலைப்பின்கீழ் எழுதுவது? 'ஆய்வு' என்பதன் கீழா, 'விளையாட்டு' என்பதன் கீழா? நம் பட்டியலில் அதற்குத் தலைப்பே இல்லை.

நிற்க. மாணவர் திறத்தில் ஒருவரைக் கூறுவேன். அவரும் தமிழ் பயின்றவர் என்பது எமக்குத் தனிப் பெருமை. மதுரைக்கு அருகிலுள்ள சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். காலணி வாங்க வகையின்றி வெறுங்காலோடு ஓடிப் பழகியவரைப் பயிற்சியாளர் ஒருவர் கண்டெடுத்தார்; லேடி டோக் கல்லூரி தமிழ் பயில இடமளித்தது. 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டில், ஆடவரும் மகளிரும் கலந்தோடும் நானூறு மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய அணியில் அவர் ஓடினார். அணி முதற்சுற்றோடு நின்றுவிட்டது, பதக்கம் இல்லை. 'பெற்ற பரிசு' என்று தலைப்பிட்டு நிரப்பும் பட்டியலில் அவ்வோட்டத்துக்குரிய கட்டம் வெறுமையாயிருக்கும். 'வயசுப் பிள்ளையை ஓட்டத்துக்கு அனுப்புகின்றாயே' என்று அயலார் ஏசியதையும் பொருட்படுத்தாமல் பேர்த்தியை அனுப்பிய அப்பாட்டியின் துணிவுக்கு எக்கட்டமும் இல்லை.

கோலின் குறை இன்று நேற்று வந்ததன்று. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் 1880-இற் பணியேற்றபோது அவர் 'தமிழ்ப் பண்டிதர்'; பிற பாடம் பயிற்றும் பேராசிரியர்க்குரிய மதிப்பும் ஊதியமும் பண்டிதர்க்கு அந்நாளில் இல்லை. வகுப்பு முடிந்தபின் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு அவர் 1887-இற் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். அஃது அவர் சொந்த வேலை. கல்லூரி அவருக்கு ஊதியம் அளித்தது பாடம் சொன்னதற்கு. அவ்வாண்டுக் கல்லூரிக் கணக்கில் இருந்த மற்றவை இன்று யாருக்கும் நினைவில்லை.

இனி நம் வட்டாரத்துக்கு வருவேன். இங்கே கல்வியும் தீயும் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்தவை. 1920-களின் தொடக்கத்திற் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். அவர்கள் தொடங்கிய தொழிலே பின்னர்ப் பட்டாசாகவும் அச்சகமாகவும் கிளைத்தது. 1963-இற் சிவகாசியில் தோன்றிய கல்லூரி அய்ய நாடார், சானகி அம்மாள் என்னும் இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. விருதுநகர்ச் செந்திக்குமார நாடார் கல்லூரி அதற்கும் முந்தியது. நாடு விடுதலை பெற்ற 1947-இற் பிறந்தது. வணிகப் பெருமக்கள் ஈட்டிய பொருள் கல்லூரியாயிற்று என்று நாம் பெருமையுடன் கூறுகின்றோம், கூறவும் வேண்டும். அப்பொருளில் ஒரு பங்கு சிறுவர் விரல்களாற் குச்சி அடுக்கி ஈட்டியது என்பதையும் உடன் கூறவேண்டும். என் பாட்டி பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில் விடியுமுன் தொழிற்சாலை வண்டியேறியவர். சிவகாசிச் சிறார் உழைப்பைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு வழங்கி, வேலைக்கமர்த்திய ஒவ்வொரு சிறாருக்கும் 20,000 ரூபாய் முதலாளி செலுத்தவேண்டும் என்று விதித்தது. அந்தத் தலைமுறையின் மக்களும் பேரருமே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றோம். மேல்நிலைப் பள்ளித் தேர்வில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது, 2023-இலும் பெற்றது. இதுவன்றோ யாம் முதலில் அச்சிடத்தக்க சாதனை!

ஆனால் தீ இன்னும் அணைந்தபாடில்லை. 2012-ஆம் ஆண்டு செப்டெம்பர் 5-ஆம் நாள், நாடெங்கும் ஆசிரியர் நாள் கொண்டாடப்பட்ட அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த ஊராரும் அவருட் பலர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-இற் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மாண்டோர் இருபதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு முறையும் அமைச்சர் வருவார், இழப்பீடு அறிவிக்கப்படும், உரிமம் நிறுத்தப்படும், அடுத்த தீபாவளிக்கு வேலை மீண்டும் தொடங்கும்.

இவ்விபத்துக்கள் பல விதியின் விளையாட்டல்ல. வேதியியற் பாடத்தில் உள்ளவை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே சூடு பிறக்கும். உராய்வு போதும், உடம்பில் ஏறிய மின்னூட்டத்தின் சிறு பொறியும் போதும். குளோரேட்டையும் கந்தகத்தையும் கலத்தல் மிகவும் கொடியது என்பதனால் 1992-இல் அரசு அதனைத் தடை செய்தது. பேரியம் உப்புக்களை உச்சநீதிமன்றம் 2018-இல் விலக்கிற்று. விதித்த தொகைக்கு மேல் மருந்தும் ஆட்களும் ஓரறையிற் சேர்ந்தால், ஒரு பொறி பலர் உயிரைக் கொள்ளும். இவற்றை நம் இளநிலை மாணவர் தேர்வுத்தாளிற் பிழையின்றி எழுதுகின்றனர். நூற்றுக்கு எண்பது மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அவருட் சிலருடைய தாய்மார் அதே மருந்தை அன்று காலை கையால் தொட்டுவிட்டு வந்திருப்பர். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே இவ்வறிவு ஏன் கடக்கவில்லை?

மொழியே ஒரு தடை என்பது என் கருத்து. விதிகள் ஆங்கிலத்தில் உள்ளன. மொழிபெயர்ப்போ ஆங்கிலத்தினும் அரிது. 'வேதிப்பொருட் கலவை' என்று பாடநூல் கூறுவதை எம் தெருவில் 'மருந்து' என்பர். பேன்சி வெடிக்குள் வைப்பதை 'மணி மருந்து' என்பர். குழாயில் நிரப்புவதை 'மருந்து செலுத்துதல்' என்பர். நோய் தீர்க்கும் பொருளுக்கும் உயிர் போக்கும் பொருளுக்கும் ஒரே சொல் வழங்கும் ஊரில், அச்சொல்லைக் கொண்டே பேசினாலன்றி அறிவுரை செவியேறாது. தூய தமிழ் வேண்டும் என்று வாதிடும் எம் வகுப்பு நண்பர்கள் இவ்வோரிடத்திற் பொறுத்தருள்வார்களாக.

ஆதலின் யான் வேண்டுவது இதுவே. வரும் ஆண்டு மலரின் சாதனைப் பகுதியில், வேதியியல் துறையும் தமிழ்த்துறையும் கூடி எழுதிய ஒரு சிறு கைந்நூலின் பெயர் இடம்பெறல் வேண்டும். முப்பது பக்கம் போதும், எழுத்துப் பெரிதாயிருக்கட்டும், படங்கள் மிகுதியாயிருக்கட்டும். எழுதுமுன், மருந்து அறையில் இருபதாண்டு வேலை செய்து தப்பியிருக்கும் பெரியவர்களை அழைத்து அமரவைத்துக் கேட்டல் வேண்டும். எந்நாளில் எவ்வேலையை நிறுத்தவேண்டும் என்பது அவர் உடம்பு அறிந்த பாடம். நம் வேதியியல் ஆய்வுக்கூடத்துப் பணியாளரையும் உடன் அமர்த்தல் வேண்டும். எந்தக் குப்பியை எதன் அருகில் வைக்கலாகாது என்பதை ஆண்டுதோறும் புதிய மாணவர்க்குச் சினந்தும் சிரித்தும் கற்பிப்பவர் அவரே யன்றோ? நூலின் முகப்பில் அவர் பெயரும் பேராசிரியர் பெயருக்குப் பக்கத்திலே, அதே எழுத்தளவில், அச்சாகட்டும்.

இதனால் நம் கல்லூரியின் தரவரிசை ஓரிடமும் உயராது என்று சொல்வார் உண்டு. உயராதிருக்கலாம். தீபாவளிப் பருவத்து வேலை மும்முரமாவதற்கு முன் நூல் வெளிவரல் நலம். அதற்குக் கோடை விடுமுறையே ஏற்ற காலம். வேதியியல் துறையார் ஒரு நாட் குறித்தருள்வாராயின், தாளும் எழுதுகோலும் கொண்டுவர எம் வகுப்பார் ஆயத்தமாயுள்ளோம்.