மூன்று மாதப் பேப்பர்



போன எபிசோட்டில் ஈ.டி.எஃப் சேமிப்பு ஆப்களைப் பற்றிக் கதைத்தோம். அதுக்குப் பிறகு இன்பொக்ஸில் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றுதான்: “அண்ணா, எதை வாங்கிறது?”

எதை வாங்கிறது என்பது கடைசிக் கேள்வி. அதுக்கு முதல் வேற ஒரு கேள்வி இருக்கு. அதை மைக்குக்கு முன்னால சொல்ல எனக்குக் கூச்சமா இருந்தது, அதால எழுதுறன்.

2013. நான் கார்ல்ஸ்ரூஹேயில் இன்ஃபோர்மாட்டிக் முதலாம் வருடம். (ஜேர்மனியின் முதலாவது இன்ஃபோர்மாட்டிக் பீடம் 1972இல் இங்கதான் தொடங்கினது, ஜேர்மனிக்கு வந்த முதல் இன்டர்நெட் மின்னஞ்சல் 1984 ஓகஸ்ட் 3ஆம் திகதி இங்கதான் வந்து இறங்கினது. இதை ஒவ்வொரு எபிசோட்டிலும் சொல்லுறன் எண்டு நக்கலடிக்கிறீங்கள். தெரியும்.) அம்மாவுக்கு அந்த வருடம் ஒரு புதுத் துப்புரவு வேலை கிடைச்சது. மினிஜொப், மாதம் 450 யூரோ. உங்கட வீடு மாதிரித்தான் எங்கட வீடும்: டொய்ச்சில என்ன கடிதம் வந்தாலும் எட்டு வயதில இருந்து நான்தான் வாசிக்கிறது, நான்தான் நிரப்பிறது. வேலைக்கான பேப்பர்களோட ஒரு படிவம் இருந்தது. பென்சன் காப்புறுதியில் இருந்து விலக்குக் கேட்கிற படிவம். அந்த வருடம்தான் சட்டம் மாறினது. அதுக்கு முதல் மினிஜொப் செய்யிற ஆள் தானாகக் கேட்டால்தான் பென்சனுக்குக் கட்டலாம். 2013இல் இருந்து எல்லாரும் கட்டவேணும், வேண்டாம் என்றால் எழுதிக் குடுக்கவேணும்.

வேலை குடுக்கிறவர் 15 வீதம் எப்படியும் கட்டுவார். அம்மாவின் பங்கு 3.9 வீதம். 450இல் அது 17 யூரோ 55 சதம்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. “எதில கையில கூட வரும்?”

“இதில புள்ளடி போட்டால் 450உம் முழுசா வரும்.”

“அப்ப போடு.”

போட்டன். அரை நிமிசம் பிடிச்சிருக்கும். அல்கோரிதங்களின் சிக்கலைக் கணக்குப் பார்க்கப் படிச்சுக்கொண்டிருந்த ஆள், அந்தப் படிவத்தின் மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கேல்லை.

மற்றப் பக்கத்தில் இருந்தது இதுதான். விலக்கு வாங்கினால், ஒரு வருடம் முழுக்கக் கூட்டித் துடைச்சாலும் பென்சன் கணக்கில் ஏறத்தாழ நாலு மாதம்தான் ஏறும். 17.55 கட்டினால் பன்னிரண்டும் ஏறும். அப்ப இருந்த சட்டப்படி, ஒருக்கால் விலக்குக் கேட்டால் அந்த வேலை முடியும்வரை மாற்ற ஏலாது. 2021இல் அம்மாவின் முழங்கால் இரண்டும் போயிட்டுது. அவவுக்கு 53 வயது. உழைக்கிற வலு குறைஞ்சவர்களுக்கு ஒரு பென்சன் இருக்கு. அதுக்கு, கடைசி ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது கட்டாயப் பங்களிப்புக் கட்டியிருக்கவேணும். விலக்கு வாங்கின மினிஜொப் அதில சேராது. கிடைச்சிருந்தாலும் பெரிய தொகை வந்திராது, அதை மறைக்கேல்லை. ஆனால் கேட்கிற உரிமையே இல்லாமல் போனது என் பேனையால.

இந்த இடத்தில் “எங்கட ஆக்களுக்குக் காசைப் பற்றி அறிவில்லை” என்று முடிக்கிறது சுகம். கொண்டாட்ட மண்டபம், சாமத்திய வீடு, பவுண் நகை என்று ஒரு பட்டியல் போட்டுப் பெற்றோரைச் சிரிக்கிற வீடியோக்கள் நிறைய இருக்கு. எனக்கு அவை பிடிக்கிறதில்லை. ஒரு நாளைக்கு மண்டபம் எடுத்ததைச் சிரிக்கிறாக்கள், மிச்ச நாளெல்லாம் அந்த ஆட்கள் எப்படி இருந்தவை என்று கேட்கிறதில்லை.

அம்மா 1993 கடைசியில் வந்தவ. நான் அடுத்த வருடம் பிறந்தன். அந்த நவம்பர் 1ஆம் திகதிதான் அகதி விண்ணப்பக்காரருக்கான தனி உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 360 மார்க், கைச்செலவுக்கு 80 மார்க். அந்த 360க்குக் காசாகத் தரவேணும் எண்டும் இல்லை, பொருளாகத் தரலாம். எங்கட ஆட்களுக்குப் பொதிதான் வந்தது. அம்மா அந்தப் பொதியைப் பற்றிக் கதைக்கிறபோது இன்னும் அதில இருந்த பாணைப் பற்றித்தான் கதைப்பா. கையில காசு என்று இருந்தது அந்த 80. “கையில வாறதுதான் காசு” என்ற வசனம் அந்த வீட்டில் பிறந்தது, அறியாமையில் பிறந்தது இல்லை.

அந்தத் தொகை பிறகு மாறவே இல்லை. 440 மார்க் 224 யூரோ 97 சதமாகப் பெயர் மட்டும் மாறினது. 2012 யூலை 18ஆம் திகதிதான், எங்கட ஊர் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிற அரசியலமைப்பு நீதிமன்றம், 1993இல் இருந்து விலை எல்லாம் ஏறியும் இது ஏறேல்லை, இது வெளிப்படையாகவே போதாது, மனித மாண்பைக் குடிவரவுக் கொள்கைக்காகக் குறைக்க ஏலாது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் நான் பல்கலைக்கழகத்துக்கு சைக்கிளில் போகேக்க ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போனனான். அது என் வீட்டைப் பற்றின தீர்ப்பு என்று அப்ப தெரியாது.

காசை விட முக்கியமான விசயம் டுல்டுங். அம்மாவின் டுல்டுங் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் நீட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் முத்திரை, ஒவ்வொரு முறையும் அதுக்கு முதல் கிழமை நித்திரை இல்லை. மூன்று மாதப் பேப்பரோட இருக்கிற ஆளிட்டப் போய் முப்பது வருடத்துக்குப் பிறகு வாற பென்சனைப் பற்றிச் சொன்னால், அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? அவவைப் பொறுத்தவரை 17.55 சரியான கணக்கு. பிழை என்னவென்றால், 2013இல் அவவிட்ட ஜேர்மன் பாஸ்போர்ட் இருந்தது. பேப்பர் மாறிட்டுது, மனசின் தவணை மாறேல்லை.

இப்ப என்ர கதைக்கு வாறன்.

மூன்று வருடம் ஒரு நிறுவனத்தில் வேலை செய்திட்டு 2021இல் கொன்ட்ராக்டர் ஆனன். என்ர ஒப்பந்தமும் மூன்று மாதம். முடியிற நேரம் வாடிக்கையாளர் நீட்டுவார். டொய்ச்சில அதுக்கும் ஃபெர்லேங்கெருங், டுல்டுங் நீட்டிறதுக்கும் ஃபெர்லேங்கெருங். அம்மா ஃபோன் எடுத்து “நீட்டிட்டாங்களா?” எண்டு கேட்கிற தொனியில் ஒரு வித்தியாசமும் இல்லை.

முதல் வருடம் நான் செய்ததைச் சொன்னால் கொன்ட்ராக்டர்மார் சிரிப்பீங்கள். 9,000 யூரோவுக்கு பில் போட்டால் 19 வீத விற்பனை வரியோட 10,710 கணக்கில் வந்து விழும். அந்த 1,710 என்ர காசில்லை. மூளைக்குத் தெரியும். ஆனால் ஆப்பில தெரியிற இலக்கம் 10,710. கையில வாறதுதான் காசு! அடுத்த வருடம் போன வருடத்து வருமான வரியும் இந்த வருடத்துக்கான முற்பணமும் ஒன்றாக வந்தது. சட்டத்தில் அப்படித்தான், ஒருத்தரிலும் பிழை இல்லை. எனக்கு 7,500 குறைஞ்சது.

அம்மா “பார்க்கிறன்” எண்டா. பத்து நாளில் காசு வந்தது. சீட்டு.

தெரியாதவைக்கு: 20 பேர், மாதம் 500, மொத்தம் 10,000. முதல் மாதம் நடத்திறவருக்கு. பிறகு யாருக்கு அவசரமோ அவர் கழிவு கேட்டு எடுப்பார், அந்தக் கழிவு மற்றாக்களின் தவணையைக் குறைக்கும். அம்மா இரண்டாம் மாதமே 2,000 கழிவில எடுத்திருக்கிறா. வந்தது 8,000. அந்த மாதத் தவணை 500 போக 7,500. அதை அப்படியே எனக்குத் தந்தா. பிறகு 18 மாதம், மாதம் 500, மொத்தம் 9,000 கட்டினா. நான் அவவுக்குத் திருப்பிக் குடுத்தது 7,500. குடுத்து முடிச்சன் எண்டு பெருமையா இருந்தனான்.

போன மாரியில் ஒரு விரிதாளில் சும்மா போட்டுப் பார்த்தன். மாதம் 2 வீதம் வட்டி. வருடத்துக்கு 24, கூட்டு வட்டியாகப் பார்த்தால் 27 வரும். முன்னாலேயே கட்டின 500ஐயும் சேர்த்தால் இன்னும் கூட. என்ர மகன் வரிக்காரனிட்ட மாட்டுப்பட்டிட்டான் என்று ஒரு வார்த்தை வெளியில சொல்லாமல், முழங்கால் இல்லாத மனுசி கட்டியிருக்கிறா.

ஆனால் இன்னொன்றையும் அந்த விரிதாளில் பார்த்தன். அம்மா ஒரு மாதமும் பிந்தேல்லை. 18 தரமும் ஒன்றாம் திகதி. க்ரொன் ஜொப் கூட அப்படி ஓடாது. நான் ஈ.டி.எஃப் சேமிப்பை இரண்டு வருடத்தில் நாலு தரம் நிற்பாட்டி, மூன்று தரம் “கொஞ்சம்” வித்தனான். அந்தச் சீட்டில யாருக்கு லாபம் எண்டால், கடைசிவரை பொறுத்திருந்து எடுத்தவருக்கு. பொறுக்கிறதுக்குக் காசு உண்டு என்பதை எங்கட ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவைக்கு நம்பக்கூடிய ஆகக் கூடின தூரம் 20 மாதமாக இருந்தது, அவ்வளவுதான். நாங்கள் அவையிட்ட இருந்து எடுத்தது பயத்தை. ஒன்றாம் திகதியை எடுக்க மறந்திட்டம்.

ஒரு பேச்சுக்கு 5 வீதம் என்று வைப்பம். மாதம் 200 யூரோ, 30 வருடம்: ஏறத்தாழ 166,000. அதே 200ஐ பத்து வருடம் பிந்தித் தொடங்கி 20 வருடம் போட்டால் 82,000. நீங்கள் போட்ட காசில வித்தியாசம் 24,000. மிச்சம் முழுக்க நேரம். எந்த ஆப், எந்த ஃபொண்ட் என்கிறதெல்லாம் இதுக்குப் பக்கத்தில் சில்லறை. மூன்று மாத மனசோட இருக்கிற ஆளுக்கு இந்த நேரம் கிடைக்காது, சம்பளம் எவ்வளவு எண்டாலும்.

நான் மாத்தினது பெரிசா ஒன்றும் இல்லை. பில் காசு விழுந்த அன்றைக்கே ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் வரிப்பங்கை வேற வங்கிக் கணக்குக்கு அனுப்புது. (வந்த தொகையில் 19 வீதம் இல்லை, 119இல் 19. என்ர முதல் வெர்ஷனில் இந்த பக் இருந்தது.) அந்தக் கணக்கின் ஆப் என்ர ஃபோனில இல்லை. மற்றது, பென்சன். நான் கட்டினது 36 மாதம்தான், குறைஞ்சது 60 வேணும். மிச்சம் 24 மாதத்தை விருப்பப் பங்களிப்பாகக் கட்டலாம்: 2025 கணக்கில் ஆகக் குறைஞ்சது மாதம் 103.42, மொத்தம் 2,482.08. நாலு வருடமா இதைக் கட்டாததுக்கு நான் சொன்ன காரணம், “அரச பென்சன் எங்கட காலத்தில் இராது, காசு கையில இருந்தால் நல்லது.” ரெடிட்டில வாசிச்சுப் படிச்சவன் மாதிரிச் சொன்னனான். குரல் அம்மாவின் குரல்.

ஈ.டி.எஃப் கேட்ட ஆட்களுக்கு என்ர பதில்: முதல் உங்கட அம்மாவின் பென்சன் கணக்கு விபரத்தை எடுப்பியுங்கோ. அந்தப் பேப்பரில் வெறும் இடங்கள் இருக்கும். 1992க்குப் பிறகு பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், வளர்த்ததுக்காக மூன்று வருடம் கணக்கில் ஏறும். ஆனால் விண்ணப்பிச்சால்தான் ஏறும். 2025 யூலைப் பெறுமதியில் ஒரு பிள்ளைக்கு மாதம் ஏறத்தாழ 122 யூரோ, சாகும்வரை. என்ர அம்மா கேட்கவே இல்லை. பிள்ளை வளர்த்ததுக்குக் காசு கேட்கலாம் எண்டு அவவுக்கு ஆர் சொன்னது? டொய்ச் வாசிக்கிற ஆள் நான், நானும் சொல்லேல்லை.

தங்கச்சி 2000இல் பிறந்தவ, அப்ப அம்மாவிட்ட ஒழுங்கான விசா இருந்தது. அந்த 36 மாதம் ஏறிட்டுது, அதோட அவவின் 60 மாதமும் நிரம்பிட்டுது. முதுமைப் பென்சன் சின்னதா எண்டாலும் வரும். என்ர மூன்று வருடம்தான் இழுபடுது. 1994இல் அவவின் இருப்பு நிரந்தரமா, தற்காலிகமா என்று அந்த நேரத்துப் பேப்பரை வைச்சுப் பார்க்கவேணுமாம். பேப்பர் கேட்டுக் கடிதம் வந்திருக்கு.

போன ஞாயிறு வீட்ட போனன். அம்மா அலுமாரிக்கு மேல இருந்து ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியை இறக்கச் சொன்னா. உள்ளே எல்லா டுல்டுங்கும் இருந்தது, ஒன்றும் எறியேல்லை, திகதி வரிசையில் ரப்பர் பட்டி போட்டு. ஃபோனால ஒவ்வொன்றா ஸ்கான் பண்ணினன். மூன்று மாதம், மூன்று மாதம், ஒருக்கால் ஒரு மாதம், திரும்ப மூன்று மாதம். அம்மா பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

“இதுக்கு எவ்வளவு தருவாங்கள்?”

“122 யூரோ, தந்தால்.”

“ஒரு தரமோ?”

“இல்லையம்மா. மாதம் மாதம்.”

கொஞ்ச நேரம் யோசிச்சா. “அது எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் நீட்டவேணும்?”