கோழியைவிடக் கூண்டைப் பாருங்கள்

வயலுக்கு விஷம் வேண்டாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறோம். ஆனால் வீட்டு அடைக்கோழிக்குச் செள்ளு பிடித்துவிட்டால், நம்மில் சிலரே மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். "ஒரு மூடி மருந்துதானே, கோழி மேல தெளிச்சா என்ன ஆகிடப்போகுது?" என்று கூட்டத்தில் நம்ம ஆள் ஒருவரே கேட்டார். அந்தக் கோழி இடுகிற முட்டையைத்தானே பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறோம்?

2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாட்டுக் கோழிப்பண்ணைகளில் செள்ளுக்கு ஒரு மருந்து அடித்தார்கள். யூகலிப்டஸ் சேர்ந்த மூலிகை மருந்து என்று சொல்லி விற்றது அது. உள்ளே பிப்ரோனில் கலந்திருந்தது. முட்டையிலும் விஷம் ஏறி, லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள். நம்மூரில் நெல்லுக்குப் போடுகிற அதே பிப்ரோனில்தான். ஆகவே அட்டையில் 'மூலிகை' என்று இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

சரி, விஷம் அடித்தும் செள்ளு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? சிவப்புச் செள்ளு பகலில் கோழிமேல் இருப்பதில்லை. கூண்டு இடுக்கிலும், கூடைப் பின்னலிலும், அடை வைத்த வைக்கோலிலும் ஒளிந்திருந்து, ராத்திரியில் ஏறி ரத்தம் குடிக்கும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். கோழியோ 21 நாள் அடையில் உட்கார்ந்தே இருக்கிறது. கொண்டை வெளுத்து, தாங்க முடியாமல் முட்டையை விட்டு எழுந்து ஓடுவது அதனால்தான். கூண்டைக் கொஞ்ச நாள் காலியாகப் போட்டாலும் ஒழியாது. ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

நம்ம பக்கமும் தப்பு உண்டு. ஒருநாள் சாம்பலைத் தூவிவிட்டு, "இயற்கை வைத்தியம் கேட்கலை" என்கிறோம். கேட்காதுதான். வேலை கூண்டில் இருக்கிறது.

ராத்திரி டார்ச் அடித்து, கோழி உட்காரும் கட்டையின் இடுக்கை வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்பாகத் தீற்றல் விழுந்தால் செள்ளு இருக்கிறது. பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். கூடையிலும் இடுக்குகளிலும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, நல்ல வெயிலில் காயவிடுங்கள். பிறகு லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இடுக்குகளில் அடியுங்கள். முட்டைக்குள் இருப்பது தப்பிவிடும் என்பதால், 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது அடிக்க வேண்டும். காய்ந்தபின் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். அடுத்த அடைக்கு வைக்கோலுக்குப் பதில் மணலும் வேப்பிலையும் போதும். கோழிமேலேயே தங்குகிற செள்ளும் உண்டு. அதற்கு, கோழி புரண்டு குளிக்க நிழலில் ஒரு குழியில் புழுதியும் அடுப்புச் சாம்பலும் போட்டு வையுங்கள்.

கோழி மிகவும் சோர்ந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். மருந்து கொடுத்தால், அவர் சொல்கிற நாள்வரை முட்டையை ஒதுக்குங்கள்.

கூண்டு சுத்தம் பண்ணுவது வீட்டுப் பெண்கள் வேலை என்று இருந்துவிடாமல், இந்த வாரம் நீங்களே ஒருமுறை கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். முட்டை நஞ்சில்லாமல் இருக்க வேண்டும் என்றால், அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.